பாலத்து மேல ஏன் நிக்கணும்? டைவர்ஜிங் டயமண்ட் சிக்னல் பத்தி ஒரு சந்தேகம்

கதிர்_வண்டி:

வணக்கம் மக்களே. அமெரிக்காவுல இருக்கேன், எந்த ஊர்ங்கறது இப்ப முக்கியமில்ல. வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவுல இண்டர்ஸ்டேட் ஹைவே ஓடுது. அதுக்கு மேல போற ரோட்டை டைவர்ஜிங் டயமண்டா மாத்திட்டாங்க.

பார்க்காதவங்களுக்காக: பாலத்துக்கு முன்னாடி ஒரு சிக்னல். அதைத் தாண்டினதும் ரெண்டு திசை ரோடும் ஒண்ணை ஒண்ணு குறுக்கே வெட்டிக்கும். நம்மள இடது பக்கம் கொண்டு போய் விட்டுடும். பாலம் முழுக்க நம்ம ஊர்ல ஓட்டற மாதிரி இடது பக்கமாவே போகணும். பாலம் முடியற இடத்துல இன்னொரு சிக்னல், அங்க மறுபடி வெட்டி வலது பக்கம் வந்துடலாம். ஹைவேல ஏற இடது பக்கம் திரும்பறவங்க ரெண்டாவது சிக்னலுக்கு முன்னாடியே, எதிர் வண்டி எதையும் மறிக்காம ராம்புல ஏறிப் போயிடுவாங்க.

என் பிரச்சனை இதுதான். வீடு மேற்குல, ஆபீஸ் கிழக்குல. காலைல ரெண்டு சிக்னலும் வரிசையா பச்சை, வழுக்கிட்டுப் போயிடறேன். சாயங்காலம் திரும்பறப்ப முதல் சிக்னல் பச்சை காட்டி பாலத்துக்குள்ள விடும், ரெண்டாவதுல சிவப்பு. என் பின்னாடி பாலம் பூரா வண்டி. ரெண்டே ரெண்டு ஃபேஸ் (பச்சை விடற முறை) இருக்கிற சிக்னலை ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து செட் பண்ண முடியாதா? இல்ல, செட் பண்ணினவங்க கவனிக்காம விட்டுட்டாங்களா?

---

பழைய_பாலம்:

பதிலை விவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும், நான் கதையை மட்டும் சொல்றேன். இது அமெரிக்கச் சரக்கு இல்ல. ஃபிரான்ஸ்ல வெர்சாய் பக்கம் 1970கள்லயே இப்படி ஒண்ணு கட்டிட்டாங்க. அது தெரியாமலே கில்பர்ட் க்ளெவிக்கி மேரிலாண்ட்ல படிக்கறப்ப இதே வடிவத்தை யோசிச்சார், 2003-ல கட்டுரையா வந்தது. அமெரிக்காவுல முதல்ல திறந்தது மிசௌரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டுல, ஐ-44ம் ரூட் 13ம் சேர்ற இடத்துல, 2009 ஜூன். அதுக்கப்புறம் யூட்டா, ஜார்ஜியா, இல்லினாய்னு பரவிடுச்சு. இடிக்காம பழைய பாலத்தையே வச்சுக்கிட்டு மாத்திக்கலாம்ங்கறதுதான் இது இவ்வளவு வேகமா பரவினதுக்குக் காரணம். இடது பக்கம் திரும்பறவங்களுக்குன்னு பாலத்து மேல தனி லேன் வேண்டாம், அதனால பாலத்தை அகலப்படுத்தற செலவு மிச்சம்.

---

மஞ்சள்விளக்கு:

நான் சிக்னல் டைமிங் வேலையில இருக்கேன். கதிர், உங்க கேள்விக்குப் பதில், முடியாதுங்கறதுதான். கவனக்குறைவு இல்ல, கணக்கே அப்படி. பேப்பர் பேனா எடுத்துக்கோங்க.

ரெண்டு சிக்னலுக்கும் நடுவுல 200 மீட்டர்னு வைங்க. 40 கிலோமீட்டர் வேகத்துல கடக்க 18 செகண்ட் ஆகும். முழுச் சுற்று 80 செகண்ட். ஒவ்வொரு சிக்னல்லயும் கிழக்கே போறவங்களுக்கு 40, மேற்கே வர்றவங்களுக்கு 40. மஞ்சளும் ஆல்-ரெட்டும் (எல்லாப் பக்கமும் சிவப்பா இருக்கிற சில செகண்ட்) அதுக்குள்ளேயேன்னு இப்போதைக்கு வைங்க.

காலைல உங்களுக்குத் தோதா செட் பண்ணுவோம். மேற்கு சிக்னல்ல கிழக்கே போக 0-லேர்ந்து 40 வரைக்கும் பச்சை. நீங்க 18 செகண்ட்ல கிழக்கு சிக்னலுக்கு வந்துடுவீங்க, அதனால அங்க பச்சை 18-லேர்ந்து 58 வரைக்கும். அருமை, ஒருத்தரும் நிக்க வேண்டாம்.

இப்ப எதிர்த் திசை. கிழக்கு சிக்னல்ல மேற்கே வர்றவங்களுக்குப் பச்சை 58-லதான் தொடங்கும். முதல் வண்டி பாலத்தைத் தாண்டி மேற்கு சிக்னலுக்கு வர்றது 76-ல. அங்க அவங்க பச்சை 40-லேர்ந்து 80 வரைக்கும். ஆக நாலே செகண்ட். அதுக்குள்ள ரெண்டு வண்டி நழுவலாம், மிச்ச 36 செகண்ட் வண்டியும் பாலத்துமேல பிரேக் போடணும்.

சரி, ரெண்டு சிக்னலையும் ஒரே நேரத்துல மாத்தினா? கிழக்கே போறவங்கள்ல கடைசி 18 செகண்ட் வண்டி நிக்கும், மேற்கே வர்றவங்கள்லயும் கடைசி 18 நிக்கும். கூட்டினா மறுபடி 36. அந்த 36 எங்கேர்ந்து வருது? போக 18, வர 18. ஆஃப்செட்டை, அதாவது ரெண்டு சிக்னலுக்கும் பச்சை விழற நேர வித்தியாசத்தை, எப்படித் திருப்பினாலும் மொத்தம் குறையாது. யார் தலையில எவ்வளவு போடறதுங்கறது மட்டும்தான் நம்ம கையில.

---

கதிர்_வண்டி:

அக்கா, இது நல்லாப் புரிஞ்சுது. அப்ப பாலம் நீளமா இருந்தா இன்னும் மோசமா?

---

மஞ்சள்விளக்கு:

அங்கதான் வேடிக்கை. ரெண்டு சிக்னலுக்கும் நடுவுல 440 மீட்டர் இருந்தா போக 40 செகண்ட், வர 40. கூட்டினா 80, அதாவது சரியா ஒரு முழுச் சுற்று. அப்ப ரெண்டு பக்கமும் நிக்காமப் போகலாம், போட்டுப் பாருங்க. ஆனா அவ்வளவு தள்ளி வைக்க யாருக்கும் இடம் கிடைக்காது. பழைய டயமண்டை (ரோடு வெட்டிக்காத சாதாரண இண்டர்சேஞ்சை) மாத்தறப்ப ராம்ப் எங்க இருக்கோ அங்கதான் சிக்னல் வரும்.

எதிர்ப்பக்கமா சுற்றைச் சுருக்கிப் பார்க்கலாம். 36 செகண்ட் சுற்று வச்சா கணக்கு பொருந்தும், ஆனா ஓடாது. மஞ்சள் கிட்டத்தட்ட 4 செகண்ட், ஆல்-ரெட் ஒரு 3. ரெண்டு ஃபேஸுக்கும் சேர்த்து 13, 14 செகண்ட் அதுலயே போயிடும். மிச்சத்துல எத்தனை வண்டியை விடறது? அதனால பக்கத்துச் சிக்னலெல்லாம் 120-ல ஓடுதுன்னா இதை 60-ல ஓட்டுவோம். பாதிச் சுற்றுன்னு சொல்லுவோம். நிக்கறவங்க அதே அளவு நின்னாலும் காத்திருக்கற நேரம் பாதியாகும், பாலத்து மேல வரிசையும் குட்டையா இருக்கும்.

இன்னொண்ணு. அந்த 36 செகண்ட் கணக்கு ரெண்டு சிக்னலையும் தாண்டிப் போறவங்களுக்கு மட்டும்தான். ஹைவேல ஏற இடது திரும்பறவங்க ரெண்டாவது சிக்னலைப் பார்க்கறதே இல்ல. அதனாலதான் இடது திரும்பற வண்டி ஜாஸ்தியா இருக்கிற இடத்துல இந்த வடிவம் பிரமாதமா ஓடும். நேராப் போறவங்க ரெண்டு பக்கமும் சரிசமமா நிறைய இருக்கிற இடத்துல கட்டிட்டு அப்புறம் டைமிங் போடறவங்களைத் திட்டறது நியாயமில்ல. சொந்த அனுபவம், நிறைய திட்டு வாங்கியாச்சு.

---

ஹூஸ்டன்_மாமா:

இதுக்கெல்லாம் எக்ஸ் போட்டு ரோட்டைக் கிறுக்கணுமா? டெக்சஸ்ல ஃப்ரண்டேஜ் ரோடு (ஹைவேயை ஒட்டி ஓடற சர்வீஸ் ரோடு) இருக்கிற சாதாரண டயமண்டைப் பாருங்க. டெக்சஸ் டிரான்ஸ்போர்டேஷன் இன்ஸ்டிட்யூட் பேர்ல டிடிஐ நாலு-ஃபேஸ்னு சொல்ற முறைக்கு வயசு பல பத்து வருஷம். (டைவர்ஜிங் டயமண்ட் இண்டர்சேஞ்சையும் டிடிஐன்னுதான் சுருக்குவாங்க. குழப்பிக்காதீங்க.) ஒரே கண்ட்ரோலர் ரெண்டு சிக்னலையும் ஓட்டும். வெளியேர்ந்து வர்ற நாலு பக்கத்துக்கும் முறை வச்சு விடும். உள்ள வந்த வண்டி ரெண்டாவது சிக்னல்ல நிக்காது. உள்ள இடம் இல்லாத குறுகலான டயமண்டுக்குன்னே செஞ்சது.

இதுல அழகு என்னன்னா, அந்த அம்மா சொன்ன பயண நேரம் இங்க நட்டமில்ல, லாபம். முதல் வண்டி தூரத்துச் சிக்னலுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் அந்தச் சிக்னல் சும்மாதானே கிடக்கு? அந்த நேரத்தை இன்னொரு பக்கத்துக்குக் கொடுத்துடுவாங்க. நாலு பச்சையையும் கூட்டினா சுற்றைவிட ஜாஸ்தியா வரும். தூரம் கூடக் கூட லாபம் கூடும்.

---

மஞ்சள்விளக்கு:

ஹூஸ்டன் சார், நாலு-ஃபேஸ் பத்தி நீங்க சொன்னது அத்தனையும் சரி. நானே அதைப் போட்டிருக்கேன், அழகான வேலை. ஆனா நாலு பக்கமும் முறை வச்சு வரணும்னா, ஒவ்வொரு பக்கத்துக்கும் கிடைக்கறது ஏறக்குறைய கால் பங்குதான். ஓவர்லாப் லாபம், அதாவது நீங்க சொன்ன அந்தச் சும்மா கிடக்கற நேரம், சேர்த்தா கொஞ்சம் கூட. டைவர்ஜிங் டயமண்ட்ல ஒவ்வொரு திசைக்கும் பாதி. கூட்டம் ஏறினா இந்த வித்தியாசம்தான் பேசும். உங்க முறையில வண்டி பாலத்துல நிக்காது, பாலத்துக்கு வெளிய வரிசையில நிக்கும். அவ்வளவுதான்.

ஃப்ரண்டேஜ் ரோடு இருக்கிற இடத்துல டைவர்ஜிங் டயமண்ட் தோது இல்லைங்கறதை ஒத்துக்கறேன். ராம்புல இறங்கி நேரா எதிர் ராம்புல ஏற இதுல வழியே கிடையாது. கீழே ஹைவேல விபத்துன்னா மேல ஏத்தி இறக்கி விடறதுக்கும் முடியாது. டெக்சஸ்ல இது எங்கெங்க வந்திருக்குன்னு பார்த்தா அந்தத் தொல்லை புரியும்.

---

மூணுஃபேஸ்:

ரெண்டு பேருக்கும் நடுவுல ஸ்பூயியை மறந்துட்டீங்களே! சிங்கிள் பாயிண்ட் அர்பன் இண்டர்சேஞ்சைத்தான் சொல்றேன். ஃபுளோரிடா கிளியர்வாட்டர்ல 1974-லயே திறந்தாச்சு. ரெண்டு சிக்னலையும் பாலத்துக்கு அடியிலயோ மேலயோ ஒண்ணாக்கிட்டா ஆஃப்செட் கணக்கே கிடையாது. மூணு ஃபேஸ், முடிஞ்சுது கதை.

---

மஞ்சள்விளக்கு:

மூணு ஃபேஸ்தான். ஆனா அந்த நடு மைதானத்தைக் கடக்க எவ்வளவு நேரம்? 60, 70 மீட்டர் விரிஞ்சு கிடக்கும். 40 கிலோமீட்டர் வேகத்துல ஆறு செகண்ட். மஞ்சள்ல கடைசியா நுழைஞ்ச வண்டி மறுகரை ஏறற வரைக்கும் யாரையும் விட முடியாது. ஆல்-ரெட் நீளமாப் போகும், அதுவும் ஒரு சுற்றுக்கு மூணு தடவை. டைவர்ஜிங் டயமண்ட்ல வெட்டற இடம் சின்னது, ரெண்டே தடவை.

ஆனா இங்கயும் ஒரு ஒளிஞ்ச ஆல்-ரெட் இருக்கு. புதுசா டைமிங் போடறவங்க தவறவிடறது இதைத்தான். ஹைவேலேர்ந்து இறங்கி இடது திரும்பறவங்க, வெட்டற இடத்துல சேரல. அதுக்கு அந்தப் பக்கம் முப்பது, நாப்பது மீட்டர் தள்ளிப் பாலத்துக்குள்ள சேர்றாங்க. மேற்கே வர்ற திசைக்குச் சிவப்பு விழுந்தாலும், கடைசியா நுழைஞ்ச வண்டி அந்தச் சேர்ற இடத்தைத் தாண்ட இன்னும் மூணு நாலு செகண்ட் வேணும். வெட்டற இடத்துல எதிர்த் திசைக்குப் பச்சை கொடுத்துடலாம், ராம்புக்கு மட்டும் அந்த நாலு செகண்ட் தாமதமா கொடுக்கணும். கண்ட்ரோலர்ல இதுக்குன்னு எந்த வண்டிக்கும் சேராத ஒரு டம்மி ஃபேஸ் வச்சு ஓட்டுவோம். ரெண்டையும் ஒண்ணாவே விட்டா, ராம்ப்லேர்ந்து திரும்பறவர் முகத்துக்கு நேரா கடைசி வண்டி வந்து நிக்கும்.

---

நடராஜா_சர்வீஸ்:

எல்லாரும் வண்டியிலயே போறீங்க. கார் இல்லாத நான் இந்த மாதிரி ஒரு பாலத்தைத் தினம் நடந்து கடக்கறேன். நடைபாதை ரோட்டுக்கு நடுவுல, ரெண்டு பக்கமும் இடுப்பளவு கான்கிரீட் சுவர். உள்ள போயிட்டா நிம்மதிதான். உள்ள போறதுதான் கஷ்டம். முதல்ல ராம்புல வலது திரும்பற வண்டியைத் தாண்டணும், ஒரு தீவுல நிக்கணும், அப்புறம் ரோட்டைப் பாதி தாண்டி நடுவுக்கு வரணும். பாலத்துக்கு அந்தப் பக்கம் இதையே தலைகீழா செய்யணும். ஒவ்வொரு இடத்துலயும் பட்டன், காத்திருப்பு. வண்டிக்கு ஆஃப்செட் போடறவங்க நடக்கறவனுக்கு ஆஃப்செட் போடறாங்களா?

---

மஞ்சள்விளக்கு:

நியாயமான கேள்வி. போடறதில்ல, பெரும்பாலும். ஆனா இந்த வடிவத்துல ஒரு நல்லது இருக்கு. வெட்டற இடத்துல எப்பவும் ஒரு திசைதான் ஓடும். அதனால நீங்க தாண்டறதுக்குன்னு தனி ஃபேஸ் வேண்டாம், எதிர்த் திசை ஓடறப்ப உங்க பாதி ரோடு தானாவே சும்மா இருக்கும். பட்டனை எடுத்துட்டு ஒவ்வொரு சுற்றுலயும் தானா நடக்க விடற மாதிரி வச்சுடலாம். யாருக்கும் ஒரு செகண்ட்கூட நட்டமில்ல. பட்டன் இருக்குதுன்னா, பழைய பழக்கத்துல வச்சிருக்காங்க. எழுதிக் கேளுங்க. ஸ்பூயில இதைக் கேட்டா நடக்காது. அங்க பெரிய ரோட்டை நடந்து தாண்டறதுக்கு எந்த ஃபேஸும் ஒத்துவராது.

உண்மையான ஆபத்து அந்த வலது திரும்பற ராம்ப். ஓட்டறவர் பார்க்கறது எந்தப் பக்கம்? வழக்கமா வண்டி வர்ற திசையை. இதுல வண்டி வேற கோணத்துலேர்ந்து வருது. அதுக்கும் சிக்னல் வைக்கணும்ங்கறது என் கட்சி. சும்மா யீல்டு (வழி விடு) போர்டு போதாது.

---

லாலிரோடு_பாய்:

கோயம்புத்தூர்லேர்ந்து கேக்கறேனுங்க. இங்க சில வருஷமா சிக்னலையே எடுத்துப்போட்டு யூ-டர்னும் ரவுண்டானாவும் வச்சுட்டாங்க. லாலி ரோடு, சுங்கம் எல்லாம் அப்படித்தான். நேராப் போறவங்களுக்கு நிக்காமப் போகுது. வலது திரும்பறவங்க கொஞ்ச தூரம் தள்ளிப் போய்த் திரும்பி வரணும். டெட்ராய்ட் பக்கம் 1960கள்லேர்ந்து இருக்கற மிச்சிகன் லெஃப்டும் இதேதானுங்களே? அப்ப நம்ம பைபாஸ்ல டைவர்ஜிங் டயமண்டு வந்தா எப்படி இருக்கும்?

---

பழைய_பாலம்:

மிச்சிகன்லயும் நேர்த் திருப்பத்தை எடுத்துட்டுத் தள்ளித் திருப்பறாங்க. ஆனா அங்க பெரும்பாலும் சிக்னலை வச்சுக்கிட்டு ரெண்டு ஃபேஸாக் குறைக்கறாங்க. கோவையில சிக்னலே இல்ல, அதனால தாண்டி நடக்கறவங்களுக்கு இடைவெளி கிடைக்காது. அந்த வித்தியாசம் சின்னதில்ல.

இடது பக்கம் ஓட்டற நாட்டுலயும் டைவர்ஜிங் டயமண்ட் உண்டு. குயின்ஸ்லாந்துல கலவுண்ட்ரா ரோடும் புரூஸ் ஹைவேயும் சேர்ற இடம். கண்ணாடியில பார்த்த மாதிரி எல்லாம் மாறி இருக்கும். பாலத்துமேல வலது பக்கம் ஓட்டுவாங்க.

---

தாம்பரம்_டூவீலர்:

கலவுண்ட்ரால ஓடும், இங்க ஓடாது. நான் சொல்றேன் ஏன்னு. நம்ம சிக்னல்ல கவுண்ட்டவுன் டைமர் 3-க்கு வரும்போதே முன்வரிசை பைக்கெல்லாம் ஸ்டாப் லைனைத் தாண்டிப் பாதி ரோட்டுல இருக்கும். இங்க ஆல்-ரெட்டுன்னு நீங்க வைக்கற மூணு செகண்டை அவங்க ஏற்கனவே சாப்ட்டாச்சு. நேரா வெட்டற ரோட்டுலயே இப்படி. சாய்வா வெட்டற இடத்துல, எதிர்ல கடைசி பஸ் இன்னும் தாண்டலைன்னா?

அதோட ராங் சைடு. நம்ம ஆள் பெட்ரோல் பங்க் நூறு மீட்டர்ல இருந்தா சுத்திப் போகமாட்டான். எந்தப் பக்கம் ராங் சைடுன்னே குழம்பற இடத்துல கேக்கவே வேண்டாம்.

---

லாலிரோடு_பாய்:

அப்படிச் சொல்லி எல்லாத்தையும் ஒதுக்கிட முடியாதுங்க. பாலம் பூரா நடுவுல கான்கிரீட் தடுப்பு இருக்கு, ராங் சைடு போறதுக்கு வெட்டற இடம் ஒண்ணுதான் வழி. நம்ம சாதாரண ஜங்ஷன்ல நாலு பக்கமும் வழி. எது மோசம்?

---

மஞ்சள்விளக்கு:

ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. டைமிங் ஆளாச் சொல்றேன். அங்க வந்தா முதல்ல கவுண்ட்டவுன் டைமரைக் கழட்டணும், குறைஞ்சபட்சம் சிவப்புக்கு. அடுத்தது கொள்ளளவுக் கணக்கு. இங்க லேனுக்கு மணிக்கு 1900 கார்னு தொடங்குவோம். இந்தியாவுல லேன் கணக்கு செல்லாது, ரோட்டு அகலத்துல மீட்டருக்கு 525 பிசியு (எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாத்தின அளவு)ன்னு போடுவாங்க. டைவர்ஜிங் டயமண்ட்ல யார் எந்த லேன்ல நிக்கறாங்கங்கறது உயிர்நாடி. ராம்புக்குத் திரும்பறவங்க முன்னாடியே ஒரு பக்கம் ஒதுங்கியாகணும். ஒதுங்காம கடைசி நேரத்துல பாலத்துமேல குறுக்கே வெட்டினா நான் போட்ட ரெண்டு ஃபேஸ் கணக்கு அத்தனையும் குப்பை. பைக்கைவிட எனக்கு இதுதான் பயம்.

---

கதிர்_வண்டி:

என் பாலத்துக்கே திரும்பி வர்றேன். நேத்து சாயங்காலம் வண்டியைப் பக்கத்துக் கடையில நிறுத்திட்டு மேற்கு சிக்னல் கிட்ட நின்னு பார்த்தேன். எங்களுக்குப் பச்சை விழறப்ப, முதல்ல நாங்க பாலத்துல நின்னிருந்தவங்க கிளம்பறோம். சரி. ஆனா எங்க பின்னாடியே, நிக்காம, வேகம் குறையாம ஒரு நீள வரிசை வருது. அது எங்க ரோட்டு வரிசை இல்ல. எல்லாம் ஹைவேலேர்ந்து இறங்கி எங்க பக்கம் திரும்பினவங்க! எங்களை நிறுத்திட்டு அவங்களுக்குச் சிகப்புக் கம்பளம். இது என்ன நியாயம் அக்கா?

---

மஞ்சள்விளக்கு:

பாராட்டு, இதைத்தான் போய்ப் பார்க்கணும். என் முதல் கணக்கையே எடுங்க. கிழக்கு சிக்னல்ல ராம்ப்லேர்ந்து இடது திரும்பறவங்க எப்ப வருவாங்க? மேற்கே வர்ற திசை நிக்கறப்ப, அதாவது 18-லேர்ந்து 58 வரைக்கும். பாலத்தைக் கடந்து 36-லேர்ந்து 76-க்குள்ள மேற்கு சிக்னலுக்கு வருவாங்க. அங்க பச்சை 40-லேர்ந்து 80. கிட்டத்தட்ட ஒருத்தரும் நிக்க வேண்டாம். உங்க காலைப் பச்சைக்கு ஏத்த அதே ஆஃப்செட்தான் சாயங்கால ராம்புக்கும் ஏத்தது. மாத்தாம விட்டது மறதியா இருக்கும்னு எனக்குத் தோணல.

ஏன் ராம்புக்கு முன்னுரிமை? நீங்க நிக்கற இடத்துல வரிசை நீண்டா பாலத்துல நீளும், அதுக்கப்புறம் கடைத்தெரு ரோட்டுல நீளும். எரிச்சல்தான், வேற ஒண்ணுமில்ல. ராம்ப் வரிசை நீண்டா அதோட வால் ஹைவேல போய் முடியும். நூறுக்கு மேல வர்றவன் வளைவு தாண்டிப் பார்த்தா முன்னாடி நிக்கற வண்டி. டைமிங் போடறவங்க அத்தனை பேருக்கும் அந்த வால்தான் பயம். ராம்புல மேலே ஒரு டிடெக்டர் புதைச்சு, வரிசை அங்க வந்தா மத்ததை எல்லாம் வெட்டிட்டு ராம்பைக் காலி பண்ற வேலைகூட வைப்போம்.

---

ஹூஸ்டன்_மாமா:

இது நூத்துக்கு நூறு. எந்த வடிவமா இருந்தாலும் ராம்ப் வால் ஹைவேல ஏறக்கூடாது.

---

கதிர்_வண்டி:

ஒத்துக்கறேன். ஆனா ராத்திரி ஒம்பது மணிக்கும் அப்படியே நிக்கறேனே? அப்ப ராம்புல ஈ காக்கா இல்ல.

---

மஞ்சள்விளக்கு:

அதுக்கு நீங்க சண்டை போடலாம், நானும் கூட வர்றேன். கூட்ட நேரம் முடிஞ்சப்புறமும் அதே பிளான் ஓடிட்டிருக்குன்னு அர்த்தம். மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதறப்ப "சிக்னல் சரியில்ல"ன்னு எழுதாதீங்க, படிச்சுட்டு ஓரமா வச்சுடுவாங்க. இன்ன கிழமை, இன்ன மணிக்கு, மேற்கே போற திசையில, ரெண்டாவது சிக்னல்ல இத்தனை செகண்ட் சிவப்பு, அப்ப ராம்புல வண்டி இல்லைன்னு எழுதுங்க. இரவுக்குத் தனி பிளானும் பாதிச் சுற்றும் கேளுங்க. ரெண்டு சிக்னலும் ஒரே கண்ட்ரோலர்ல ஓடுதான்னும் சேர்த்துக் கேட்டுடுங்க. ஒரே கண்ட்ரோலர்னா மாத்தறது சுலபம்.

---

நடராஜா_சர்வீஸ்:

கதிர், எழுதறப்ப அந்த நடைபாதை பட்டனையும் ஒரு வரி சேர்த்துடுங்க. உங்க ஊர்லயும் அது இருக்கும்.

---

கதிர்_வண்டி:

இருக்கு, நேத்துதான் பார்த்தேன். நாலு பட்டன், அதுல ஒண்ணு அழுத்தினா உள்ள போய் ஒட்டிக்குது. சேர்த்துடறேன்.